எமுலேட்டர்

ஒரு கருவிக்கென எழுதிய நிரலை வேறொரு கருவியில் ஓட்டும் மென்பொருள் அல்லது வன்பொருள் எமுலேட்டர். போட்டியிட்டு நிகராதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையே அதன் வேர். ஐ.பி.எம். 1964இல் அறிவித்த சிஸ்டம்/360, பழைய 1401 கணினியின் நிரல்களை இவ்வாறே ஓட்டியது. இன்று திருகோணமலைத் துறைமுகப் பக்கத்து இளைஞருக்கு, பிளேஸ்டேஷன் விளையாட்டைக் கணினியில் ஆடும் வழி அது. பிளேஸ்டேஷன் கைக்கருவியின் முக்கோண, சதுரப் பொத்தான்களின் வேலையை விசைப்பலகை எழுத்துகள் செய்கின்றன. எமுலேட்டரைத் தமிழில் 'பாவனை' எனலாமா? தமிழகத்தில் நடிப்பைக் குறிக்கும் அச்சொல் இலங்கையில் பயன்பாட்டைக் குறிக்கிறது. பாவனையாளர் என்றால் பயன்படுத்துபவர். குழப்பமே மிஞ்சும். 'போலி' இன்று கள்ளப் பொருளுக்கு ஆகிவிட்டது. அறம், அறன் என எழுத்து மாறியும் பொருள் மாறாததையே இலக்கணிகள் போலி என்றனர். அந்தத் துல்லியமான பொருள் பேச்சில் இல்லாதது பெரிய இழப்பு. கணினித் தமிழில் வழங்கும் 'போன்மி', 'போலி'க்கும் வேரான 'போல்' என்பதில் பிறந்தும் கறைபடாதது. எமுலேட்டருக்கு அதுவே பொருந்தும்.