எல்லை கடக்கும் வண்டி

விருந்தும் மருந்தும் மூன்று நாளைக்கு என்பது நம் முன்னோர் வகுத்த கணக்கு. ஒரு மாநிலத்தில் பதிவான மோட்டார் வண்டி மற்றொரு மாநிலத்தில் விருந்தாளியாகத் தங்குவதற்கு நம் நாட்டுச் சட்டம் வகுத்த கணக்கோ பன்னிரண்டு மாதம். கிர்க்கி என்னும் கட்கியின் படைக்கலத் தொழிற்சாலையிலும், பிம்ப்ரி ஆலைகளிலும், பிற்காலத்தில் ஹிஞ்சவடியின் கணிப்பொறி நிறுவனங்களிலும் பணியேற்றுப் புனே நகரில் குடியேறிய நம்மவருள் பலர், இக்கணக்கைக் காலங்கடந்த பின்னரே அறிகின்றனர். இவ்விதி எவ்வாறு தோன்றியது, ஏன் இன்றும் நிலைத்திருக்கிறது என்பதைச் சற்று ஆராய்வோம்.

மோட்டார் வண்டி நம் நாட்டிற்கு வந்த புதிதில், அதற்கெனப் பொதுச் சட்டம் எதுவும் இருக்கவில்லை. பம்பாய் மாகாணம் 1904-லும், சென்னை மாகாணம் 1907-லும் தத்தமக்கெனச் சட்டம் இயற்றிக் கொண்டன. 1914-ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் வண்டிச் சட்டமே மாகாணங்கள் அனைத்திற்கும் பொதுவாக எழுந்த முதற் சட்டம். ஆயினும் அது ஆங்கிலேயர் நேரே ஆண்ட பகுதிகளுக்கே உரியது. அந்நாளில் பூனா என வழங்கிய இந்நகரிலிருந்து தெற்கே செல்பவன் சாங்கிலி, கோலாப்பூர் முதலிய சமஸ்தானங்களை எதிர்ப்பட்டான். திருச்சிராப்பள்ளியிலிருந்து தெற்கே சென்றவன் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தைக் கண்டான். 1948, 1949 ஆண்டுகளில் இவை இந்தியாவோடு ஒன்றிய மாகாணங்களில் இணைந்த பின்னரே, ஒரே சட்டம் சாலை முழுவதும் தொடர வழி பிறந்தது.

இதற்கிடையில் 1939 ஜூலை முதல் நாள் புதிய மோட்டார் வண்டிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஓரிடத்தில் பதிவான வண்டியை வேறிடத்தில் மீண்டும் பதிய வேண்டுவதில்லை என்று அது கூறியது. ஆனால் வேறு மாகாணத்தில் பன்னிரண்டு மாதத்திற்கு மேல் வைத்திருந்தால் புதுப் பதிவெண் பெற வேண்டும் என்றும் விதித்தது. அச்சட்டத்தின் இடத்தில் 1989 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த 1988-ஆம் ஆண்டுச் சட்டமும் இவ்விரு விதிகளையும் அப்படியே கைக்கொண்டது. தமிழ்நாட்டிற்கு டி.என்., மகாராஷ்டிரத்திற்கு எம்.எச். என்னும் எழுத்துக்கள் அக்காலத்தில் எழுந்தவையே. புனேக்கு 12, பிம்ப்ரி–சிஞ்ச்வடுக்கு 14 என்பன எண்கள்.

ஓட்டுநர் உரிமத்தின் நிலை வேறு. சென்னையில் பெற்ற உரிமம் இந்தியா முழுவதும் செல்லும். புனேயில் இன்னொன்று பெறத் தேவையில்லை. இரண்டு வைத்திருப்பதோ சட்டத்திற்கு முரணானது. எந்த மாநிலத்து உரிம அதிகாரியும் அதனைப் புதுப்பித்துத் தரலாம்.

மனிதனுக்கு ஒரு நீதி, வண்டிக்கு ஒரு நீதியா என்று கேட்கத் தோன்றும். ஓட்டும் திறமை எல்லையைக் கடந்ததும் மாறிவிடுவதில்லை. வண்டியோ எந்த மாநிலத்துச் சாலையில் ஓடுகிறதோ அச்சாலையைத் தேய்க்கிறது. 1950-ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, வண்டிகளைப் பற்றிய பொதுச் சட்டத்தை மத்திய, மாநில அரசுகள் இரண்டிற்கும் பொதுவாக வைத்தது. வண்டிவரியை மாநிலத்திற்கே ஒதுக்கியது. 1958-ஆம் ஆண்டின் பம்பாய் மோட்டார் வண்டி வரிச் சட்டமே பெயர் மாறி மகாராஷ்டிரத்தில் இன்றும் வழங்குகிறது. பதிவெண் மாற்றத்தின் பின்னே நிற்பது பெரும்பாலும் இந்த வரியே.

ஆகவே வேலைகளை முறைப்படி செய்தல் நலம். ஊரை விட்டுப் புறப்படுமுன் பழைய பதிவு அலுவலகத்தில் ஆட்சேபணையின்மைச் சான்று கோர வேண்டும். கடனில் வாங்கிய வண்டியாயின் கடன் கொடுத்தவரின் இசைவும் வேண்டும். விண்ணப்பித்த முப்பது நாளுக்குள் மறுப்புத் தெரிவிக்கப்படாவிடில், சான்று வழங்கப்பட்டதாகவே கருத வேண்டும் என்பது சட்டம். பின்னர்ப் புனேயில் சங்கம் பாலத்தருகேயுள்ள வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வரி செலுத்திப் புதுப் பதிவெண் பெறலாம். பழைய மாநிலத்தில் கட்டிய வாழ்நாள் வரியில் எஞ்சிய காலத்திற்குரிய பங்கைத் திரும்பக் கேட்கவும் வழியுண்டு. பலர் இதனைக் கேட்காமலே விட்டுவிடுகின்றனர். பன்னிரண்டு மாதம் என்பது பதிவெண்ணுக்கான கெடு மட்டுமே. வரி விதி மாநிலந்தோறும் வேறுபடுமாதலால், வந்தவுடனே அதனை விசாரித்தறிவது நன்று. இவற்றை முறை மாற்றிச் செய்து, ஒரு காகிதத்திற்காக ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஆளனுப்புவோரை நாம் அறிவோம்.

2021 செப்டம்பர் 15 முதல் ‘பாரத்’ வரிசைப் பதிவு என ஒன்று வந்துள்ளது. அதனைப் பெற்றவர் மாநிலம் மாறினும் எண்ணை மாற்ற வேண்டியதில்லை. வரியையும் ஈராண்டுக்கு ஒருமுறை கட்டிவரலாம். ஆனால் அரசுப் பணியாளருக்கும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகமுடைய நிறுவனங்களின் ஊழியருக்குமே அச்சலுகை உரியது. இட்லிக் கடை நடத்துபவரும், பட்டறையில் உழைக்கும் தொழிலாளியும் இன்னும் 1939-இல் வகுத்த கணக்கிற்கே கட்டுப்பட்டவர்கள். பிழைப்பிற்காக ஊர் மாறுவோருள் இத்தகையோரே மிகுதி. சலுகை அவர்களையும் எட்டும் நாள் வரவேண்டும். அதுவரை, புனேயில் வந்திறங்கிய நாளை நாட்காட்டியில் குறித்து வைத்து, விருந்துக் காலம் முடியுமுன் வண்டியையும் இவ்வூர்க் குடியாக்கிக் கொள்வோமாக.