களஞ்சியமும் கைந்நூலும்: ஓர் இணைப்பின் வரலாறு

மென்பொருளின் வரலாற்றை எழுதப் புகுவோர் நிரலை ஆக்கியோரையே பெரிதும் நோக்குகின்றனர். அதனைப் பிறர் கையாளும் வண்ணம் விளக்கவுரை எழுதியோர் பொருட்படுத்தப்படுவதில்லை. ஆயின், மூலமும் உரையும் வெவ்வேறிடங்களிற் கிடந்தமையால் நேர்ந்த இடர் சிறிதன்று. நிரல் மாறிவிடும், உரை பழையபடியே இருக்கும். அவ்வுரையை நம்பியவர் இல்லாத கட்டளையைத் தேடி இடர்ப்படுவர்.

இக்குறையைக் கூர்மையாக உணர்ந்தவருள் டொனால்ட் க்னூத் குறிப்பிடத்தக்கவர். நிரலையும் விளக்கத்தையும் ஒரே கோப்பிற் பின்னி எழுதும் முறையை 1984 இல் வெளியிட்ட கட்டுரையில் அவர் முன்வைத்தார். நிரலாளர் பெரும்பாலோர் அதனைப் பின்பற்றினாரல்லர். 1990 களில் வந்த யாவாடொக், டொக்சிஜென் ஆகியன நிரலிலுள்ள குறிப்புரைகளைத் திரட்டிப் பக்கங்களாக்கின. அவை பெரும்பாலும் பெயர்ப்பட்டியல்களாகவே அமைந்தன எனலாம்.

திருப்பம் வேறொரு திசையிலிருந்து வந்தது. லினக்ஸ் கருவகத்தை ஆக்கியோர் பயன்படுத்திய பிற்கீப்பர் மென்பொருளின் இலவச அனுமதி 2005 இல் மீளப்பெறப்பட, லினஸ் டோர்வால்ட்ஸ் கிற் என்னும் கருவியை ஆக்கினார். களஞ்சியத்தின் முழு வரலாற்றையும் பிரதியெடுத்தல் இதனால் எவருக்கும் எளிதாயிற்று. 2008 இல் கிற்ஹப் தோன்றியது. பைதன் மொழியின் ஆவணங்களுக்கென கேயோர்க் பிராண்டில் ஆக்கிய ஸ்பிங்ஸ் கருவியும் அவ்வாண்டிலேயே வெளிவந்தது.

இவ்விரண்டையும் இணைத்தது ‘ரீட் த டொக்ஸ்’. 2010 இல், 48 மணித்தியாலப் போட்டியொன்றில், எரிக் ஹோல்ஷர் முதலிய மூவர் இதனை ஆக்கினர். தொடக்கத்தில் ஆசிரியர் தம் களஞ்சியத்தின் முகவரியைக் கொடுத்தாற் போதுமாயிருந்தது. சேவை அதனைப் பிரதியெடுத்து, உள்ளிருக்கும் உரைக்கோப்புகளை ஸ்பிங்ஸிடம் ஒப்படைத்து, பிறக்கும் பக்கங்களை வெளியிடும். களஞ்சியத்தில் மாற்றம் சேர்ந்ததும் அங்கிருந்து ஒரு செய்தி செல்ல, பக்கங்கள் புதுப்பிக்கப்படும். இச்செய்தியை வெப்ஹுக் என்பர். இதனினும் சிறந்த பயன் ஒன்றுண்டு. களஞ்சியத்தில் ஒவ்வொரு பதிப்புக்கும் இடப்பட்ட குறியைக் கொண்டு அவ்வப் பதிப்புக்குரிய உரையும் தனித்தனியே பேணப்படுகின்றது. பழைய பதிப்பைப் பயன்படுத்துவோர் புதிய உரையால் மயங்க வேண்டியதில்லை. உரையிற் பிழை கண்டவர் நிரலைத் திருத்துவதுபோலவே திருத்தத்தை முன்மொழியவும் இயலும். உரையாசிரியர்க்கு நிரலாளரோடொத்த இடம் கிடைத்தது இதனாலேயே.

எனினும், தானாக இயங்கும் இணைப்பு திறந்து வைத்த கதவுமாகும். அச்செய்தியைக் களஞ்சியமே அனுப்பிற்று என்பதற்கு என்ன உறுதி? தொடக்கத்தில் இவ்வினா அதிகம் எழவில்லை. இரகசியச் சொல்லால் உறுதிப்படுத்தப்படாத செய்திகளை அச்சேவை ஏற்காது நிறுத்தியது 2024 ஆம் ஆண்டிலேயே. இணைப்புப் பிறந்து பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல் அதற்குள் கழிந்திருந்தன.