கூர்நோக்கு இல்லம்

'கூர்' என்றால் நுனி மட்டுமன்று, மிகுதியும்தான். தொல்காப்பிய உரியியலில் 'கூர்ப்பு' என்ற சொல், உள்ளது மேலும் சிறப்பதைக் குறிக்கிறது. ஆகவே கூர்நோக்கு என்பது வழக்கத்தைவிட மிகுந்த கவனிப்பு. விசாரணையில் இருக்கும் சிறார் தங்கும் இடத்துக்குத் தமிழக அரசு வைத்த பெயர் இது. செய்திகளில் இன்னும் 'சீர்திருத்தப் பள்ளி' என்ற வழக்கு தொடர்கிறது. பழக்கதோஷம்தான், ஆனால் பிழை சிறிதன்று. திருத்தம் என்ற சொல்லே குற்றம் உறுதியாகிவிட்டது என்கிறது. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தில் குற்றம் மெய்ப்பிக்கப்பட்டபின் அனுப்பும் இடம் வேறு: சிறப்பு இல்லம், அதிகபட்சம் 3 ஆண்டுகள்.

பெயர் மாறினால் பூட்டும் மதிலும் மாறிவிடுமா என்று கேட்கலாம். மாறாது; நோக்கு வெறும் காவலாகச் சுருங்குவதும் உண்டு. ஆயினும் 'கூர்நோக்கு' என்ற சொல் ஓர் அளவுகோலைத் தருகிறது. சட்டப்படி விசாரணையைப் பொதுவாக 4 மாதத்தில், நீட்டித்தால் மேலும் 2 மாதத்தில் முடிக்க வேண்டும். நன்னடத்தை அலுவலர் பிள்ளையின் வீட்டுச் சூழலை விசாரித்து அறிக்கை தரவேண்டும். இத்தனை நாள் வைத்திருந்து என்ன நோக்கினீர்கள் என்று கேட்க, 'சீர்திருத்தப் பள்ளி' என்ற பெயரில் இடமே இல்லை.