சிறு காரும் காதங்கி ரேடாரும்

சித்தூரிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் வழியில் காதங்கி என்னும் சிற்றூர் உள்ளது. மத்திய அரசின் விண்வெளித் துறையைச் சார்ந்த தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடம் அங்கேதான் அமைந்திருக்கிறது. 1990ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அங்கு நிறுவப்பெற்ற ரேடாரில், வரிசைக்கு 32 வீதம் 32 வரிசைகளாக 1,024 ஆண்டெனாக்கள் வானை நோக்கி நிற்கின்றன. நிறுவப்பெற்ற காலத்தில் அது 25 இலட்சம் வாட் உச்ச ஆற்றல் உடையதாக இருந்தது; ஆண்டெனாக்கள் ஒன்றுகூடி வானொலி அலைகளை மேலே செலுத்துகின்றன. காற்றின் கொந்தளிப்பிலே பட்டுத் திரும்பும் மெல்லிய எதிரொலியைக் கேட்டு, உயரத்தில் வீசும் காற்றின் வேகத்தையும் திசையையும் அறிஞர்கள் கணக்கிடுகின்றனர்.

சென்ற கோடை விடுமுறையில், சித்தூரிலுள்ள தங்கை வீட்டிலிருந்து திருப்பதிக்குப் பேருந்தில் சென்றோம். உடன் வந்த தங்கை மகனின் மடியில் ஒரு சிறு கார் இருந்தது. கடையில் வாங்கிய முழுப் பொம்மை அன்று அது. தனித்தனி உறுப்புகளை வாங்கி, தானே திருகாணி முடுக்கி, சக்கரம் பூட்டி, தொலைவில் நின்று வானொலி அலையால் ஓட்டுவதற்கென அவன் கட்டிய வண்டி. காதங்கியைக் கடக்கையில் மேற்கூறிய செய்தியை அவனுக்கு எடுத்துரைத்தோம். "அப்படியானால் மாமா, அந்த ரேடாருக்கும் என் காருக்கும் ஏதேனும் உறவு உண்டா?" என்று கேட்டான். உண்டு என்றோம். அந்த உறவின் வரலாற்றையே நேயர்களுக்கும் இங்கே கூற விழைகின்றோம்.

கம்பியின்றித் தொலைவிலுள்ள ஒரு பொருளை இயங்கச் செய்யலாம் என்பதை முதலில் காட்டியவர்களுள் நம் நாட்டு ஜகதீச சந்திர போஸ் ஒருவர். 1895ஆம் ஆண்டு வாக்கில் கல்கத்தா நகர மண்டபத்தில், சுவரை ஊடுருவிச் சென்ற மின்காந்த அலையினால் ஒரு மணியை ஒலிக்கச் செய்தார். சிறிது வெடிமருந்தையும் பற்றவைத்தார். 1898ஆம் ஆண்டில் நிகோலா டெஸ்லா, நியூயார்க்கின் மாடிசன் சதுக்க அரங்கில் ஒரு நீர்த்தொட்டியில் சிறு படகை மிதக்கவிட்டு, கரையிலிருந்தே அதனைத் திருப்பியும் செலுத்தியும் காட்டினார். அவ்வாண்டு நவம்பர் மாதம் அதற்குக் காப்புரிமையும் பெற்றார்.

தரையில் ஓடும் வண்டியை இவ்விதம் செலுத்தியவர் ஸ்பெயின் நாட்டுப் பொறியாளர் லியோனார்தோ டோரஸ் கெவெதோ. 1904ஆம் ஆண்டில் மாட்ரிட் நகரில் ஒரு மூன்று சக்கர மின்வண்டியை இருபது முப்பது மீட்டர் தொலைவிலிருந்து அவர் இயக்கினார். இன்று சிறுவர் கையிலுள்ள கார்களுக்கெல்லாம் அந்த முச்சக்கர வண்டியே மூத்தது எனலாம்.

இம்முன்னோடிகளுக்குப் பின்னர் இக்கலையை வளர்த்ததில் பொழுதுபோக்குக்காகக் கட்டுவோருக்கும் பெரும் பங்கு உண்டு. அமெரிக்காவில் வால்டர் குட், வில்லியம் குட் என்னும் இரட்டைச் சகோதரர்கள் 1937ஆம் ஆண்டில் தாமே கட்டிய மாதிரி விமானத்தை வானொலியால் பறக்கவிட்டனர். அந்நாளில் அனுப்பும் கருவியும் வாங்கும் கருவியும் வால்வுகளால் ஆனவை. அவற்றின் எடையையும் அவற்றுக்கு வேண்டிய மின்கலங்களின் எடையையும் சுமக்கச் சிறு கார்களால் இயலவில்லை. 1947ஆம் ஆண்டில் டிரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்டு அது மலிந்த பின்னரே அச்சுமை நீங்கிற்று. 1966ஆம் ஆண்டில் இத்தாலியின் எல்-ஜி நிறுவனம், ஃபெராரி காரைப் பன்னிரண்டில் ஒரு பங்காகச் சுருக்கி விற்பனைக்குக் கொண்டுவந்தது. மரம் அறுக்கும் தொழிலில் தொடங்கி மாதிரிகள் செய்வதற்கு மாறிய ஜப்பானின் டாமியா நிறுவனம், 1976ஆம் ஆண்டில் போர்ஷே 934 என்னும் காரை வாங்குவோரே பூட்டிக்கொள்ளும் உறுப்புகளாக வெளியிட்டது. கட்டி ஓட்டும் இப்பொழுதுபோக்கு இதன்பின் பல நாடுகளிலும் பரவிற்று.

இத்தகைய வண்டியில் முதன்மையான உறுப்புகள் மூன்று என்று அவனுக்கு விளக்கினோம். கட்டளையைக் கேட்கும் வாங்கி அதன் செவி. முன்சக்கரங்களைத் திருப்பும் சர்வோ அதன் கை. மின்சாரம் தரும் பாட்டரி அதன் வயிறு.

செவியின் தொல்லை பல்லாண்டு நீடித்தது. ஒரே அலைவரிசையில் இருவர் ஓட்டினால் ஒருவர் கட்டளைக்கு மற்றவர் கார் ஓடிச் சுவரில் மோதும். ஆகவே பந்தயக் களங்களில் அலைவரிசைக்கு ஒரு வில்லை வைத்து, வில்லையைக் கையில் பெற்றவரே கருவியை முடுக்கலாம் என்று விதி செய்தனர். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் வந்தன. இவற்றில் அனுப்பியும் வாங்கியும் தம்முள் ஓர் அடையாளத்தைப் பகிர்ந்துகொள்ளும். பிறர் குரல் இடையே புகுந்தாலும் வாங்கி தன் துணையின் குரலையே கொள்ளும். இந்தியாவில் குறைந்த ஆற்றலுடைய 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகளுக்கு உரிமம் வேண்டாம் என்னும் விதி 2005ஆம் ஆண்டில் வந்தது.

காதங்கிக்கும் காருக்கும் உள்ள உறவு இங்கேதான். அனுப்பும் ஆற்றலில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேற்றுமை இருப்பினும், இரைச்சலுக்கு நடுவே தன்னுடைய மெல்லிய ஒலியை இனங்கண்டு கொள்வதே இரண்டிற்கும் உரிய வேலை.

இனிக் கை. வாங்கி வினாடிக்கு ஏறத்தாழ ஐம்பது முறை சர்வோவுக்கு ஒரு மின்துடிப்பை அனுப்புகிறது. அத்துடிப்பு ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்கு நீடித்தால் சக்கரம் நேரே நிற்கும். குறைந்தால் ஒரு பக்கமும், மிகுந்தால் மறுபக்கமும் திரும்பும். ஓட்டுபவர் விரல் அசைந்த அளவுக்கே சக்கரமும் அசைவது இதனால்தான்.

பெருமாற்றம் கண்டது வயிறுதான். முன்னாளில் 1.2 வோல்ட் நிக்கல்-காட்மியம் கலங்கள் ஆறினைத் தொடுத்து 7.2 வோல்ட் பெற்றனர். 1991ஆம் ஆண்டில் சோனி நிறுவனம் லித்தியம்-அயான் கலத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அக்கலத்தை உருவாக்கியதற்காக குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவர்க்கும் 2019ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பெற்றது. கார்களில் இவ்வகைக் கலம் ஒவ்வொன்றும் 3.7 வோல்ட் தருவது, இரண்டே போதும்.

மின்கலம் திருப்பதிக்குப் புதிதன்று. கல்லா இராமச்சந்திர நாயுடு 1985ஆம் ஆண்டில் தொடங்கிய அமர ராஜா நிறுவனம் அருகிலுள்ள கரகம்பாடியில் ஈயப் பாட்டரிகளைச் செய்து பெயர் பெற்றது. 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் முனோத் நிறுவனத்தின் லித்தியம் கலத் தொழிற்சாலை திருப்பதியில் முன்னோட்ட உற்பத்தியைத் தொடங்கிற்று.

இவ்வளவையும் கேட்ட சிறுவன், "என் கார் ஏன் மாமா அடிக்கடி உடைகிறது?" என்று கேட்டான். நடந்ததை விசாரித்தோம். வேகத்தை விரும்பி, இரண்டு கலங்களுக்குப் பதிலாக மூன்று கலங்கள் கொண்ட 11.1 வோல்ட் பாட்டரியை இணைத்திருக்கிறான். பத்து நிமிடத்தில் பிளாஸ்டிக் பல்சக்கரத்தின் பற்கள் உதிர்ந்தன. எஃகுப் பல்சக்கரம் மாற்றினான். பல் தாங்கியது, ஆனால் மோட்டார் தொடமுடியாதபடி சூடேறியது. ஒன்றை உயர்த்தினால் அதன் சுமை அடுத்ததன் தலையில் விழுகிறது. மேலே சொன்ன வரலாறும் இதனையே காட்டுகிறது. செவி கூர்மையடைந்து, கை நிதானம் பெற்று, வயிறு இலேசானபோதுதான் வண்டி முன்னேறியது. வயிற்றை மட்டும் பெருக்கியவன் கண்ட பலன் உதிர்ந்த பற்களே.

இதில் உயிருக்கும் உடைமைக்கும் உரிய எச்சரிக்கை ஒன்றும் உண்டு. லித்தியம் கலத்தை 4.2 வோல்ட்டுக்கு மேல் மின்னேற்றலாகாது. 3 வோல்ட்டுக்குக் கீழே வடியவிடலாகாது. அதற்கெனச் செய்த மின்னேற்றியையே பயன்படுத்த வேண்டும். ஏற்றும்போது ஆள் அருகிலிருக்க வேண்டும். உப்பிய பாட்டரியை மீண்டும் பயன்படுத்துவது தீயை விலைக்கு வாங்குவதாகும். அவனுடைய பாட்டரியும் ஒரு பக்கம் உப்பியிருந்தது. இரவில் ஏற்றிவிட்டு உறங்கிவிடுவதாகவும் சொன்னான். அன்றே அதனை ஒதுக்கச் செய்தோம்.

வெளிமாநிலங்களில் வாழும் நேயர்களில் பலர் ஆண்டுக்கொருமுறை ஊருக்குத் திரும்புகையில் பிள்ளைகளுக்குப் பொம்மை வாங்கிச் செல்கின்றனர். திறக்கவியலாத பொம்மை உடைந்தால் குப்பைக்குப் போகும். உறுப்புகளாய் வந்ததைப் பூட்டிய பிள்ளையோ, எது ஏன் உடைந்தது என்று கேட்கத் தொடங்குகிறான். அக்கேள்விக்குக் காது கொடுக்க வீட்டில் ஒருவர் இருத்தல் வேண்டும்; அவர் பொறியாளராக இருக்க வேண்டியதில்லை. மொழிபெயர்ப்புப் பணி செய்யும் நாமே இதற்குச் சான்று.

திருப்பதியில் புதிய இரண்டு கலப் பாட்டரி ஒன்று வாங்கித் தந்தோம். மோட்டார் அச்சில் முன்னதைவிடச் சிறிய பல்சக்கரத்தை அவனே பூட்டினான். கார் முன்னைவிட மெல்லத்தான் ஓடுகிறது. எனினும் மோட்டாரைத் தொட முடிகிறது, பற்களும் உதிரவில்லை. சென்ற வாரம் தொலைபேசியில், முன்சக்கரங்களுக்கு வலிமையான சர்வோ மாற்றலாமா என்று கேட்டான். "மாற்றினால் எதன் மேல் சுமை ஏறும்?" என்று கேட்டோம். யோசித்துச் சொல்கிறேன் என்றான்.