ஓசோன் அளவின் பருவமாற்றம்

நம் தலைக்கு மேலுள்ள ஓசோன் முழுவதையும் கடல்மட்டக் காற்றழுத்தத்துக்கும் 0 பாகை செல்சியஸுக்கும் கொண்டுவந்தால், சுமார் 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள படலம்தான் மிஞ்சும். 300 டாப்சன் அலகு என்பது இதுவே. மாதத்துக்கு மாதம் மாறும் இந்தப் படலத்தின் ஏற்ற இறக்கத்தை நம்பகமாக அளக்க 1920கள் வரை வழி பிறக்கவில்லை.

ஓசோனைக் கண்டறிந்த ஷோன்பைன், பொட்டாசியம் அயோடைடும் மாவுப்பசையும் தோய்த்த தாளைக் காற்றில் தொங்கவிட்டு, அது நீலம் பாரிப்பதைக் கொண்டு அளவைக் குறித்தார். 19ஆம் நூற்றாண்டில் பல ஊர்களில் இம்முறையே புழங்கியது. தாளின் நிறம் ஈரப்பதத்தாலும் மாறும். அது காட்டுவதும் தரையோரக் காற்றை மட்டுமே. அந்தப் பதிவுகளை நம்பி உயரத்து ஓசோனைப் பற்றி எதுவும் சொல்ல இயலாது.

சூரியனின் புறஊதாக் கதிரை ஓசோன் விழுங்குகிறது என்பதை ஹார்ட்லி 1881இல் சுட்டிக்காட்டியிருந்தார். அதையே அளவுகோலாக்கி, ஃபாப்ரியும் பியூசோனும் 1920இல் மார்சேயில் அளந்தபோது, நாளுக்கு நாள் அளவு மாறுவது தெரிந்தது. ஆக்ஸ்ஃபோர்டு அருகே போர்ஸ் ஹில்லில் குடியிருந்த டாப்சன், 1924இல் வீட்டுப் பட்டறையிலேயே ஒரு நிறமாலைப் பதிவி செய்தார். தேவையற்ற ஒளியைத் தடுக்க குளோரின், புரோமின் வாயுக்களை வடிகட்டியாக வைத்தார். வசந்தத்தில் உச்சம், இலையுதிர் காலத்தில் தாழ்வு என்ற சுழற்சி மறு ஆண்டே புலப்பட்டது.

1926இல் ஐரோப்பாவின் வேறு சில இடங்களுக்கும் கருவிகள் போயின. அங்கே எடுத்த ஒளிப்படத் தகடுகள் ஆக்ஸ்ஃபோர்டுக்கு வந்து கழுவி அளக்கப்பட்டன. அவற்றுள் சுவிட்சர்லாந்தின் அரோசாவில் கோட்ஸ் தொடங்கிய பதிவே உலகின் மிக நீண்ட ஓசோன் பதிவு. இரண்டாண்டுகளில் கருவிகள் இடம் மாறின: எகிப்தின் ஹெல்வான், கலிஃபோர்னியா, நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச், நம் கொடைக்கானல். வெப்பமண்டலத்தில் ஓசோன் குறைவு, பருவமாற்றமும் சொற்பம் என்பது கொடைக்கானல் அளவுகளால் தெளிவானது.

இங்கேதான் சிக்கல். ஓசோனை உண்டாக்குவது சூரிய ஒளி என்று சாப்மன் 1930இல் விளக்கினார். அப்படியானால் வெயில் மிகுந்த நிலநடுக்கோட்டிலும் கோடையிலும் அல்லவா உச்சம் இருக்க வேண்டும்? வெப்பமண்டலத்தில் உருவாகும் ஓசோனை உயரக் காற்றோட்டம் துருவங்களை நோக்கிக் கொண்டுபோகிறது, குளிர்காலத்தில் அந்த ஓட்டம் வலுக்கிறது என்று ப்ரூவரும் (1949) டாப்சனும் (1956) கண்டபின்தான் முடிச்சு அவிழ்ந்தது.

1956இல் அண்டார்ட்டிக்காவின் ஹேலி பேயிலிருந்து வந்த செப்டம்பர், அக்டோபர் அளவுகள் எதிர்பார்த்ததைவிடச் சுமார் 150 அலகு குறைவாக இருந்தன. நவம்பரில் திடீரென ஏறின. முதலில் சந்தேகம் கருவிமேல் விழுந்தது. மறு ஆண்டும் அப்படியே நடக்கவே, அங்கத்திய பருவச் சுழற்சியே வேறு என்று ஒப்புக்கொண்டார்கள். துருவச் சுழல்காற்று குளிர்காலக் காற்றைப் பூட்டிவைப்பதே காரணம், அது இயற்கையானது. இந்த இயல்பான தாழ்வு பதிவில் இருந்ததால்தான், ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் மூவரும் 1985இல் அதே ஹேலி பேயின் அக்டோபர் அளவு சுமார் 300இலிருந்து 200க்கும் கீழே சரிந்ததை அசாதாரணம் என்று கூற முடிந்தது.

செயற்கைக்கோள்கள் உலகம் முழுவதையும் அளந்தாலும், அவற்றைச் சரிபார்க்கத் தரைக்கருவி வேண்டும். டாப்சன் கருவிகளுக்கான உலகத் தரம், கொலராடோவின் போல்டரில் உள்ள 83ஆம் எண் கருவி. அதன் தரத்தை ஹவாயின் மவுனா லோவா மலையில் சோதிக்கிறார்கள்.