நெடுவழியில் ஒரு ஜன்ம தினம்

வட அமெரிக்காவின் மேற்கே, இன்றைய வையோமிங் மாகாணத்தில், ஸ்வீட்வாட்டர் என்னும் ஆற்றங்கரையில், சுற்றிலும் வெறும் புல்வெளியே பரந்து கிடக்க, நடுவே ஏறக்குறைய 130 அடி உயரமும் 1,900 அடி நீளமும் உள்ள கருங்கற்பாறை ஒன்று தனித்து நிற்கிறது. 1830-ஆம் வருஷத்தில் வில்லியம் சப்லெட் என்ற தோல் வியாபாரி தம் வண்டிகளோடு அவ்வழியே போனபோது, அமெரிக்க ஐக்கிய நாட்டின் பிறந்த தினமாகிய ஜூலை 4-ஆம் தேதியை அங்கே கொண்டாடினார் என்றும், அதனாலேயே அதற்குச் சுதந்திரப் பாறை என்ற பெயர் வழங்கலாயிற்று என்றும் சொல்வார்கள்.

பிற்பாடு, 1840-களிலிருந்து, ஆரிகன் பிரதேசத்தில் நல்ல நிலம் கிடைக்கிறதென்று கேள்விப்பட்டு மிசௌரிக் கரையிலிருந்து கூண்டு வண்டி கட்டிக்கொண்டு புறப்பட்ட குடும்பங்களுக்கு, அந்தப் பாறையும் அந்தத் தேதியும் பிரிக்க முடியாதபடி இணைந்துவிட்டன. பிரயாணமோ சுமார் 2,000 மைல். எருதுகள் நாளொன்றுக்குப் பதினைந்து மைல் நடந்தால் பெரிது. வசந்த காலத்தில் புல் முளைக்குமுன் கிளம்பினால் மாடுகள் பட்டினி கிடக்கும், தாமதித்துக் கிளம்பினாலோ மேற்கு மலைகளில் பனி வந்து வழியை மூடிவிடும். ஆகவே ஜூலை 4-க்குள் பாறையைத் தொட்டுவிட்டால் பிழைத்தோம் என்பது அவர்களுடைய கணக்கு. தொட்டவர்கள் துப்பாக்கிகளை வெடித்தார்கள், மிச்சம் வைத்திருந்த மாவையும் சர்க்கரையையும் எடுத்து விருந்து சமைத்தார்கள், பாறைமேல் ஏறித் தங்கள் பெயரை எழுதினார்கள். உளி இருந்தவன் செதுக்கினான். இல்லாதவன், வண்டியின் அடியில் தொங்கிய மைக்கலயத்தை அவிழ்த்து, அச்சுக்குப் போடுவதற்காகத் தாரும் கொழுப்பும் கலந்து வைத்திருந்த வண்டிமையிலேயே விரலைத் தோய்த்து எழுதினான். மையெழுத்தெல்லாம் மழையிலும் வெயிலிலும் போய்விட, செதுக்கியவற்றில் பல இன்றும் இருக்கின்றன. 1840-இல் அதைப் பார்த்த டி ஸ்மெட் பாதிரியார், பாலைவனத்தின் பெரும் பதிவேடு என்றே அப்பாறையை வர்ணித்தார்.

1846-இல் அதே வழியே வண்டி கட்டிப் புறப்பட்ட டோனர் குடும்பத்தாரும் அவர்களோடு சேர்ந்தவர்களும் ஒரு வாரம் பிந்தித்தான் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். அந்த ஒரு வாரம் மட்டும் அவர்களைக் கெடுத்துவிடவில்லை. பிறகு யாரோ சொன்ன குறுக்கு வழியை நம்பியதே பெரிய வினையாக முடிந்தது. ஸியரா நெவாடா மலையில் பனியில் சிக்கிய அக்கூட்டத்தின் 87 பேரில் ஏறக்குறையப் பாதிப்பேர் மாண்டார்கள். இத்தகைய பயம் பின்னால் நின்று துரத்தியபடியால்தான் ஜன்ம தினக் கொண்டாட்டம் பாதிவழியிலேயே நிகழ்ந்தது; அது உற்சவமாக இருந்ததைவிடத் தவணையாகவே அதிகம் இருந்தது என்பது என் அபிப்பிராயம்.

அதே வண்டிப்பாதை ஆரிகனில் எந்த ஊரை ஒட்டிச் சென்றதோ, அந்தப் பேக்கர் நகரத்தில், 1896-ஆம் வருஷம் அதே ஜூலை 4-ஆம் தேதி, பின்னாளில் டிரெய்லர் வீடுகள் கட்டிய வாலி பையம் பிறந்தார். அவருடைய பாட்டனார் கோவேறு கழுதைகளின் சாத்து ஒன்றை நடத்தியவர். பேரனோ சிறு பிராயத்தில் ஆடு மேய்த்து, மண்ணெண்ணெய் அடுப்பும் தண்ணீர் வாளியும் வைத்த ஒரு சிறு கழுதை வண்டியிலேயே குடியிருந்தார். வளர்ந்து லாஸ் ஏஞ்சல்ஸில் பத்திரிகைத் தொழிலில் இறங்கிய காலத்தில், மோட்டார் காரின் பின்னால் இழுத்துச் செல்லும் டிரெய்லர் வீடு கட்டுவது எப்படி என்று ஒரு கட்டுரை வெளியிட, அதைப் பார்த்துக் கட்டிய வாசகர்கள் ஒன்றும் சரியாக வரவில்லையென்று முறையிட, அவர் தாமே கட்டிப் பார்க்க முனைந்தார். 1936-இல் அவருடைய ஏர்ஸ்ட்ரீம் கம்பெனி, ஆகாய விமானத்தைப் போல அலுமினியத் தகடுகளைத் தறையாணியால் இணைத்த 'கிளிப்பர்' வண்டியை 1,200 டாலருக்கு விற்றது.

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு, 1951-இல், இத்தகைய வண்டிகள் 63-ஐத் திரட்டிக்கொண்டு மத்திய அமெரிக்காவுக்குக் கிளம்பினார். நிகராகுவாவின் தலைநகரை எட்டியவை 14-தான். இனி இந்த வம்பே வேண்டாமென்று சொன்னவர், அடுத்த வருஷமே மறுபடி புறப்பட்டுவிட்டார்! 1955-இல் கனடா யாத்திரையொன்றின் நடுவே இந்த வண்டிக்காரர்களுக்கென்று ஒரு சங்கமும் பிறந்தது. அங்கத்தினர் ஒவ்வொருவரும் வண்டியின் நெற்றியில் பெரிய சிவப்பு எண் ஒட்டிக்கொண்டார்கள். பழைய கூண்டு வண்டிக்காரர்களைப் போலவே இரவில் வட்டமாக நிறுத்திக்கொண்டார்கள். 1959-60-இல் 41 வண்டிகள் கேப்டவுனிலிருந்து கெய்ரோ வரை சென்றபோது, எத்தியோப்பியச் சேற்றில் இறங்கித் தள்ளாத ஆளில்லை. அடிஸ் அபாபாவில் சக்கரவர்த்தி ஹைலே செலாசியின் தரிசனமும் கிடைத்தது.

இந்தச் சங்கத்தாரின் வருஷாந்தரப் பெருங்கூட்டம் பெரும்பாலும், பையமின் பிறந்தநாளுமான ஜூலை 4-ஐ ஒட்டியே கூடியது. பல திசைகளிலிருந்தும் வாரக்கணக்கில் ஊர்ந்து வரும் சிறு சிறு சாத்துகள் அங்கே வந்து கலைவதால், பாதிவழிப் பாறையில் நிகழ்ந்த கொண்டாட்டம் பயணத்தின் முடிவுக்கு நகர்ந்துவிட்டது. பனியும் புல்லும் இப்போது யாரையும் விரட்டவில்லை. மாறாக, ஒரே குடும்பம் போல வாரக்கணக்கில் வழித்துணையாக இருந்தவர்களுக்கு (உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற வயோதிகர்களே அவர்களில் அதிகம்), பிரிவதற்குமுன் சேர்ந்து உட்கார ஒரு காரணம் வேண்டியிருந்தது.

66 வயது நிறைந்து மூன்று வாரம் ஆவதற்குள், 1962 ஜூலை 22-இல் பையம் காலமானார். ஆயினும் வண்டிகள் நிற்கவில்லை. மறு வருஷமே ஒரு கூட்டம் சிங்கப்பூரிலிருந்து லிஸ்பனை நோக்கிக் கிளம்பிற்று. பெரியோர் மறைந்த பின்னும் அவர்களுடைய ஜயந்தியை விடாத நமக்கு, தலைவரில்லாத பிறந்தநாளுக்காக ஆயிரக்கணக்கான மைல் வண்டியோட்டி வருவது விநோதமாகத் தோன்றாது. ஒன்று மட்டும் சொல்லலாம்: அந்த மனிதர் நடு ஜனவரியில் பிறந்து தொலைத்திருந்தால், எவ்வளவு பக்தி இருந்தாலும், அந்தக் குளிரில் வண்டி பூட்டியிருப்பார்களா என்பது சந்தேகமே.