சார்பியக்கம்

ஒரு பொருள் நகர்கிறதா, நிற்கிறதா என்பது எதை நிலையானதாக வைத்துப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. அப்படி வைத்துக்கொள்வதே குறிப்பாயம். புதுச்சேரி பெரிய மார்க்கெட்டுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வேகத்தில் போகும் இரண்டு தள்ளுவண்டிகளுக்கு இடையே சார்புத் திசைவேகம் சுழி. ஓரத்தில் மீன் விற்பவருக்கோ இரண்டுமே ஓடுகின்றன.

கி.பி. 499-இல் ஆரியபடர், படகில் போகிறவருக்குக் கரை பின்னோக்கி ஓடுவதுபோலவே விண்மீன்கள் மேற்கே நகர்வதாகத் தோன்றுகிறது, உண்மையில் சுழல்வது பூமி என்றார். பிரம்மகுப்தர் இதை ஏற்கவில்லை. சீராகச் செல்லும் கப்பலின் மூடிய அறைக்குள் எந்தச் சோதனையாலும் கப்பலின் ஓட்டத்தைக் கண்டுபிடிக்க முடியாது என்று 1632-இல் கலிலியோ எழுதினார். ‘சீராக’ என்ற நிபந்தனைதான் முக்கியம்.

அது எவ்வளவு முக்கியம் என்பதைப் பிரெஞ்சு வானியலாளர் லெ ஜாந்தி கடலில் கண்டார். சூரியனைக் கடக்கும் வெள்ளியைப் புதுச்சேரியிலிருந்து அளக்க வந்தவர் அவர். 1761 ஜனவரியில் ஊர் ஆங்கிலேயர் வசமாகிவிட, ஜூன் 6 அன்று நடுக்கடலில் இருந்தார். வெள்ளி நன்றாகவே தெரிந்தது, ஆனால் பயனில்லை. ஆடும் தளம் நொடிக்கு நொடி முடுக்கம் பெறுவதால் அது நிலைமக் குறிப்பாயம் அல்ல; ஊசல் கடிகாரம் அங்கே சரியாக ஓடாது. கப்பல் நின்ற தீர்க்கரேகையும் துல்லியமாகத் தெரியாது. சூரியனின் தொலைவைக் கணிக்கச் சரியான நேரம், தீர்க்கரேகை இரண்டுமே தேவை. வெள்ளியின் அடுத்த கடப்புக்காக 1768-இல் புதுச்சேரி வந்து, இடிந்த கோட்டை மேல் ஆய்வுக்கூடம் கட்டினார். தரை ஆடவில்லை, ஆனால் 1769 ஜூன் 4 காலை மேகம் மூடியது.

காத்திருந்த காலத்தில் அவர் தெரிந்துகொண்டதுதான், வெள்ளியைவிட, இங்கே சுவையானது. உள்ளூர்த் தமிழர் ஒருவர் சோழிகளை நகர்த்தியே, ஏறத்தாழ முக்கால் மணி நேரத்தில், 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தைக் கணக்கிட்டுக் காட்டினார். கிரகணம் நீடித்த நேரத்தில் பிழை 41 நொடி. ஐரோப்பாவின் பெயர்பெற்ற மேயர் அட்டவணை 68 நொடி தவறியது. ஒரே கிரகணத்தை வைத்து எது மேல் என்று தீர்ப்பளிக்க முடியாதுதான். ஆனால் பூமியை நடுவில் வைத்தது என்பதாலேயே அந்தத் தமிழரின் கணக்கு ‘தவறான’ கணக்காகிவிடாது. கிரகணத்துக்குச் சூரியன், பூமி, நிலவு மூன்றும் ஒன்றுக்கொன்று எங்கே இருக்கின்றன என்பதுதான் கேள்வி. 1825-இல் வாரன் வெளியிட்ட ‘கால சங்கலித’ நூலும் புதுச்சேரிப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரின் சோழிக் கணக்கைப் பதிவுசெய்தது.

நேரக் கணிப்பில் வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் இன்றும் முரண்படுவதுண்டு. குறிப்பாயத்தில் மட்டும் சண்டையில்லை. இரண்டுமே பூமியில் நிற்பவருக்கு வானம் எப்படித் தெரியும் என்றே கணிக்கின்றன.